மர அந்தோனியார் சொரூபத்திலிருந்து தூள் கொட்டுகிறது, பெயின்ற் அடித்தால் நிற்குமா?

தாண்டவன்வெளிக்காரி – மே 3

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், நேராகவே கேட்கிறேன். எங்கள் வீட்டுச் சொரூபக் கூட்டில் ஒரு மர அந்தோனியார் சொரூபம் இருக்கிறது, ஒன்றரை அடி உயரம், அப்பப்பாவின் தகப்பன் காலத்துச் சாமான் என்று சொல்வார்கள், யார் செதுக்கியது, எங்கிருந்து வந்தது என்று இப்போது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 1978 சூறாவளியில் கூரை போன இரவு அப்பப்பா நகைப்பெட்டியை விட்டுவிட்டு இதைத்தான் சாரத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாராம். அப்பம்மா சாகும்வரை அந்த நகைக் கதையை விடவில்லை.

மாரி முடிந்து கூட்டைத் துடைத்தபோது காலடியில் கொஞ்சம் தூள் கிடந்தது, ஊதுபத்திச் சாம்பல் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது. கையில் இருக்கிற குழந்தை யேசுவின் முதுகில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகளும் தெரிகின்றன. அந்தோனியாரின் இடுப்புக்குக் கீழே நீளமாக ஒரு வெடிப்பு உண்டு, அது நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே இருந்தது. லில்லிப்பூ எப்போதோ உடைந்துவிட்டதால் பிளாஸ்டிக் பூ ஒன்றைச் செருகியிருக்கிறோம் (சிரிக்க வேண்டாம்).

ஜூன் 13 திருநாள். அன்றைக்கு எங்கள் ஒழுங்கை முழுக்க வந்து செபமாலை சொல்லும், பாண் பங்கிடுவோம். அதற்கு முதல் எதையாவது செய்தாக வேண்டும். பழைய பெயின்ற் முழுவதையும் அரத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு எனாமல் இரண்டு கோட்டிங் அடித்தால் ஓட்டையும் அடைபடும், பூச்சியும் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்கிறார் மாமா. கொழும்புக்குப் போய்க் கொச்சிக்கடைப் பக்கத்தில் பைபர் சொரூபம் ஒன்று வாங்கினால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் பூச்சி வராது என்கிறார் சின்னம்மா. இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?


ஓடாவி_டச்பார் – மே 3

தங்கச்சி, முதலில் மாமாவிடமிருந்து அந்த அரத்தாளை வாங்கி ஒளித்து வையுங்கள். மிச்சத்தை ஆறுதலாகக் கதைக்கலாம்.

நான் பறங்கி ஆள். எங்கள் பக்கத்தில் மரவேலை, இரும்புவேலை, சப்பாத்துத் தையல் என்று கைத்தொழில்தான் பரம்பரை, அப்பா கோயிலுக்கு வாங்குப் பலகைகளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும் செய்து வளர்த்த பிள்ளை நான். சொரூபம் செதுக்குகிற அளவுக்குக் கை வரவில்லை, பழுது பார்த்திருக்கிறேன்.

தூள் என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி வழுக்கினால் அது உளு. புழுவாக உள்ளே இருந்து மரத்தை மாவாக்கித் தின்று, மறுகா வண்டாகி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே பறக்கும். கசகசா மாதிரி மணிமணியாக உருண்டால் அது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற கறையான், நீங்கள் துடைக்கிறது அதன் எச்சம். போனில் நன்றாகப் பெருப்பித்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் தெரியும். இந்த இரண்டும் இல்லாமல் சுவரில் மண்கோடு ஏறி வந்திருந்தால் அது நிலக்கறையான், அதற்குச் சொரூபத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டும்.

எனாமல் எந்தப் பூச்சியையும் மூச்சுமுட்ட வைக்காது. மரத்துக்குள் இருக்கிற காற்றே அதுக்குப் போதும், வெளியே வருகிற நாள் வந்தால் எனாமலையும் ஓட்டை போட்டுக்கொண்டு வரும். மண்ணெண்ணெய் பூசச் சொல்லியும் யாராவது வருவார்கள், கேட்காதீர்கள், கறை இறங்கி முகம் கறுத்துப் போகும், மெழுகுதிரி பக்கத்தில் எரிகிற சாமானுக்கு மண்ணெண்ணெய் என்ன வைத்தியம்? வெயிலில் காயவைக்கிறதும் வேண்டாம், பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். சொரூபத்தைக் கூட்டிலிருந்து இறக்கி, கறுப்புத் தாள் ஒன்றை விரித்து அதன்மேல் வையுங்கள். இருக்கிற ஓட்டையெல்லாவற்றையும் சுற்றிச் சோக்கால் அடையாளம் போடுங்கள். மூன்று கிழமை அசைக்க வேண்டாம். எந்த இடத்துக்கு நேர்கீழே தூள் விழுகிறது என்று பாருங்கள். தூள் விழுந்தால் உடனே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய தூள் ஆட்டத்திலும் கொட்டும், அதற்குத்தான் அசைக்க வேண்டாம் என்கிறேன். அப்புறம் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பெயின்ற் படாத இடம் அங்கேதான் இருக்கும், மரம்தானா என்பதே அங்கேதான் தெரியும். மரம் என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்த சொரூபங்களில் பாதி சுண்ணம்.


கல்லடி_மருமகள் – மே 4

நாங்கள் அடித்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமியார் வீட்டில் சூசையப்பர் சொரூபம், உங்களுடையதைவிடக் கொஞ்சம் சின்னது. திருநாளுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பெயின்ற் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்தோம். வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதில் கெட்டிக்காரர், அவரைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்தது நாங்கள். முகத்தை அரத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கி, அதன்மேல் ரோஸ் நிறம் அடித்து, கண்ணைக் கறுப்பால் வட்டமாக வரைந்து தந்தார். அதுவரை அந்த முகத்தில் ஒரு களைப்பு இருந்தது. மரவேலை முடித்து வந்த ஓடாவியின் முகம், கண் கொஞ்சம் கீழே பார்த்தபடி. இப்போது எங்களையே முறைத்துப் பார்க்கிறார். பிள்ளைகள் இரவில் அந்த அறைக்குப் போகப் பயப்படுகிறார்கள்.

அதோடு முடிந்ததா, அடுத்த வருடமே புது எனாமலில் ஐந்து ஓட்டை, கீழே மா. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, சொரூபத்தைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.


களுவாஞ்சிகுடி_இத்தாலி – மே 6

பன்னிரண்டு வருடமாக வட இத்தாலியில் இருக்கிறேன். வேலை ஹோட்டலில், ஆனால் விடுமுறைக்கு ஒருமுறை தென் தீரோலில் வல் கார்தேனா என்கிற மலைப் பள்ளத்தாக்குக்குப் போனதிலிருந்து இந்த மரச் சொரூபப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஓர்திசேய் அங்கே பெரிய ஊர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து மரச் செதுக்கல்தான் அந்தப் பக்கத்தின் பெயர். பனிக்காலத்தில் தோட்ட வேலை இல்லாத குடியானவர்கள் வீட்டுக்குள் இருந்து பொம்மையும் சொரூபமும் செதுக்கி வளர்ந்த தொழில் அது.

அங்கே சொரூபத்துக்கு எடுக்கிற மரங்களில் ஒன்று லிண்டன். பார்க்க ஒன்றுமில்லாத வெளிறிய மரம், ஆனால் நார் நெருக்கம், முடிச்சுக் குறைவு, உளி எந்தப் பக்கம் போனாலும் சிராய் கிளம்பாது. 1531இல் இறந்த ரீமன்ஷ்னைடர் என்ற ஜெர்மன் சிற்பி விரல் நரம்பும் கன்னச் சுருக்கமும் எடுத்தது இதே மரத்தில்தான். பெரிய சொரூபங்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தோணி மாதிரிக் குடைந்து வைத்திருக்கிறார்கள், மரத்தின் நடு நெஞ்சை எடுத்துவிட. நெஞ்சு உள்ளே இருந்தால், காயும்போது வெளிப்பக்கம் கூடச் சுருங்கி, உள்பக்கம் விட்டுக்கொடுக்காமல், மரம் பிளக்கும்.

உங்கள் நீள வெடிப்பு அநேகமாக அந்தக் கதைதான். அதைப் புட்டி வைத்து இறுக்கி அடைக்க வேண்டாம். நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் சுருங்கி வெடிப்பு விரியும், மாரியில் வாவிக் காற்றை உறிஞ்சி ஊதி மூடும். இறுக்கி அடைத்துவிட்டால் மாரியில் ஊதுவதற்கு இடமில்லாமல் புதிதாக இன்னொரு இடத்தில் பிளக்கும்.

இனி அரத்தாள் விசயம். நாம் பெயின்ற் என்று சொல்வது மரத்தின்மேல் நேரே அடித்தது இல்லை. முதலில் விலங்குப் பசை, அதன்மேல் சுண்ணத்தூளைப் பசையில் குழைத்துப் பல தடவை பூச்சு, அதைத் தேய்த்து மெழுகி, கண்ணிமை, உதட்டோரம், தலைமயிர் மாதிரி நுணுக்கங்களைச் சிலவேளை அந்தச் சுண்ணப் பூச்சிலேயே கீறி எடுப்பார்கள். மறுகாதான் நிறமும் பொன்னிலையும். ஆகவே அரத்தாள் போட்டால் நிறத்தோடு முகமும் போய்விடும். கல்லடி அக்கா சொன்ன களைப்பு அப்படித்தான் போயிருக்கும். இதே காரணத்துக்காகத்தான் எலுமிச்சையும் வினாகிரியும் போட்டுத் துடைக்கக் கூடாது, புளிப்புச் சுண்ணத்தைக் கரைக்கும், ஈரத் துணியும் கூடாது, தண்ணீர் பசையை இளக்கும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

பூச்சி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் இங்கே நூதனசாலைகளில் மருந்து அடிக்கிறதைவிடக் குளிரில் வைக்கிறதை விரும்புகிறார்கள். கழிவு இருபது பாகை (-20°C), இரண்டு கிழமை. துணியால் சுற்றி, பொலித்தீனால் காற்று இல்லாமல் இறுக்கிக் கட்டி வைப்பார்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பொதியைப் பிரிக்கவே கூடாது, பிரித்தால் சொரூபமே வியர்த்து நனையும். ஆனால் நிறம் பொருக்காகத் தூக்கி நிற்கிற சொரூபத்தை அப்படி வைக்கப் பயப்படுவார்கள், குளிரில் மரமும் பூச்சும் ஒரே அளவில் சுருங்காது.

பின்குறிப்பு. இணையத்தில் கைச்செதுக்கல் என்று போட்டு விற்கிற இத்தாலிச் சொரூபங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மாதிரியை வைத்து மெசின் ஒரே நேரத்தில் பல பிரதி வெட்டித் தரும், மேல் வேலையும் பெயின்றும் மட்டும் கையால் முடிப்பார்கள். அது மோசடி இல்லை, நல்ல வேலைதான், ஆனால் உங்கள் அப்பப்பா சாரத்தில் சுற்றிக்கொண்டு ஓடியது மாதிரி ஒன்று இல்லை.


சொறிக்கல்முனை_மூப்பர்மகன் – மே 7

எல்லோரும் நல்ல விசயம்தான் சொல்கிறீர்கள், ஆனால் நூதனசாலைக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வருகிற ஒரு தாய் அந்தோனியாரின் காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் போக மாட்டாள். நீங்கள் கண்ணாடிக்குள் பூட்டி, தொடாதே என்று எழுதி வைத்தால் சொரூபம் தப்பும், கும்பிட வந்த ஆள்?

நான் சொல்வது, பழையதை உள்ளே எடுத்து வையுங்கள், கூட்டுக்குப் புதிதாக ஒன்று செதுக்குங்கள். பைபர் வேண்டாம், அதில் நானும் உங்கள் பக்கம். கொக்கட்டிச்சோலையில் ஓடுகிற தேரும் மரச் செதுக்கல்தானே, இந்த மாவட்டத்தில் மரத்தில் கை வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும், கோயில் வாகனம் செய்கிறவரிடம் கொடுத்தால் நல்ல படம் ஒன்றும் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் செய்வித்த மிக்கேல் சம்மனசு வீரபத்திரர் மாதிரி கண்ணை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் தராசு இருக்கிறது என்பதால்தான் மிக்கேல் என்று கண்டுபிடித்தோம். அந்தோனியாரின் இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு என்பதையும் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அழகுக்காக ஐந்தாறு போட்டுவிடுவார்கள்.

உண்மையில் உக்கிப்போய்த் திருத்த முடியாது என்று ஆனால் குப்பையில் போடக் கூடாது. மந்திரித்த சொரூபம், மண்ணில் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம். பங்குச் சுவாமியிடம் கேட்டுச் செய்யுங்கள்.


தாண்டவன்வெளிக்காரி – மே 25

மன்னிக்கவும், மூன்று கிழமையும் முடியட்டும் என்று பேசாமல் இருந்தேன். படங்கள் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

தூள் மணிமணியாகத்தான் இருக்கிறது. மகனின் போனில் பெருப்பித்துப் பார்த்தேன், ஆறு பக்கம், சின்னச் சின்ன ஆணித்தலை மாதிரி. அருவருப்பாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. ஆனால் விசயம் அதுவல்ல. கறுப்புத் தாளில் தூள் விழுந்தது ஒரே இடத்தில், இடது பக்கம், குழந்தை யேசுவுக்கு நேர்கீழே. அந்தோனியாரின் காலைச் சுற்றி ஒரு மணிகூட இல்லை. இவ்வளவு நாளும் காற்றில் பரந்து கிடந்ததால் எல்லா இடத்திலிருந்தும் வருகிறது என்று நினைத்திருக்கிறேன்.

அடிப்பக்கம் மஞ்சள் கலந்த கபில நிறம். உளி போன கோடுகள் அப்படியே இருக்கின்றன, மேசை மாதிரிச் சீவி மட்டப்படுத்தவில்லை.

இதற்கிடையில் யாரோ ஒருவர் இன்பாக்ஸில் வந்து நல்ல விலை தருகிறேன், வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். பதில் போடவில்லை.


ஓடாவி_டச்பார் – மே 25

இன்பாக்ஸ்காரருக்குப் பதில் போடாமல் விட்டது நல்லது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட சாமான் என்றால் சட்டப்படி தொல்பொருள், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. உங்களுடையது அவ்வளவு பழசாக எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் வயது தெரியாத சாமானை அவசரமாகக் கேட்கிறவனுக்கு விற்கக் கூடாது.

அடிப் படத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது பலா, வைரப் பகுதி. பலா வெட்டும்போது நல்ல மஞ்சள், வருடம் போகப் போகக் கபிலமாகும். லிண்டன் இல்லை, பலா, ஆகவே கப்பலில் வந்த ஐரோப்பியச் சாமானாக இருக்க வழியில்லை, நம் பக்கத்தில் ஒருவர் செதுக்கியதாக இருக்கலாம், கோவாவாகவும் இருக்கலாம், அங்கேயும் பலா உண்டு. பலா வைரத்தைக் கறையான் சும்மா தொடாது, வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அதனால்தான் அந்தோனியார் தப்பியிருக்கிறார்.

இப்போது குழந்தையைப் பாருங்கள். கைக்கும் குழந்தைக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, உங்கள் மூன்றாவது படத்தில். குழந்தை தனித்துண்டு. அநேகமாக மர ஆணி ஒன்றில் குத்தி நிறுத்தியிருப்பார்கள், செதுக்குகிறவர் ஒரே கட்டையில் எடுக்கப் போனால் மரம் வீண் என்று அப்படிச் செய்வது உண்டு. அது வேறு மரம், மென்மரம், ஒருவேளை பழைய குழந்தை தொலைந்து பிறகு செய்து வைத்ததாகவும் இருக்கலாம். போர்த்துக்கல் பக்கத்தில் கலியாணம் சரிவராத பெண்பிள்ளைகள் அந்தோனியாரின் கையிலிருந்து குழந்தையைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, மாப்பிள்ளை வந்தால்தான் திருப்பித் தருவேன் என்று பேரம் பேசுகிற வழக்கம் இருக்கிறது. பதுவா அந்தோனியார் என்று நாம் சொன்னாலும் அவர் பிறந்தது லிஸ்பனில், அவர்களுக்கு வீட்டுப்பிள்ளை, அந்த உரிமையில் செய்கிறார்கள்.

குழந்தையை மேலே இழுக்காமல் மெல்லத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், நான் வருகிறேன். கழன்றால், நிறம் பொருக்காக இல்லாவிட்டால், களுவாஞ்சிகுடித் தம்பி சொன்ன குளிர் வைத்தியத்தை அதற்கு மட்டும் செய்யலாம். மருந்துதான் வேண்டும் என்றால் போரிக் அசிட்டும் போராக்ஸும் கரைத்து அடிப்பக்கத்து வெறும் மரத்திலும் ஓட்டைக்குள்ளும் ஊசியால் விடலாம், பெயின்றுக்கு மேலால் பூசினால் உள்ளே போகாது, மருந்தும் வீண். மூப்பர்மகன் தம்பிக்கு ஒரு சொல், புதிதாகச் செதுக்க நினைத்தால் நானும் பலாவைத்தான் சொல்வேன், தேக்கின் நார் முகவேலைக்கு முரடு, முதிரை உளியின் வாயைத் தின்றுவிடும். ஆனால் நிற்கிற பலாவைத் தறிக்க அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டிலிருந்து அப்படி. பழைய வீடு உடைக்கிற இடத்தில் வளையோ நிலையோ கிடைத்தால் அதைவிட நல்ல காய்ந்த மரம் வேறில்லை.


களுவாஞ்சிகுடி_இத்தாலி – மே 26

பலா என்று நான் யோசிக்கவே இல்லை, லிண்டன் பைத்தியத்தில் இருந்துவிட்டேன். குளிர்பெட்டி கழிவு பதினெட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு போதாது. இரண்டு கிழமை என்றாலும் மூன்று வையுங்கள்.


தாண்டவன்வெளிக்காரி – ஜூன் 14

திருநாள் நேற்று முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை கழன்றது. ஓடாவி அண்ணன் சொன்ன மாதிரியே அடியில் மர ஆணி, சின்னவிரல் மொத்தம். கழன்றபோது மடியில் ஒரு கைப்பிடி தூள் கொட்டியது, உள்ளே பாதி கூடுதான். மீன் வியாபாரம் செய்கிற மச்சானிடம் பெரிய ஐஸ் பெட்டி இருக்கிறது, மே 31 அன்று துணி, பொலித்தீன் எல்லாம் சுற்றிக் கட்டி, தாளில் பெயர் எழுதி ஒட்டி அவரிடம் கொடுத்தேன். மச்சான் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு அந்தோனியார் மீனுக்கே பிரசங்கம் வைத்தவர்தானே, பாரை மீனுக்கும் சூரைக்கும் நடுவே குழந்தையை வைத்தால் கோபிக்க மாட்டார் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்று கிழமை இன்னும் முடியவில்லை.

அந்தோனியாருக்குத் தூரிகையால் தூசி மட்டும் தட்டினோம். முகத்தில் இருந்த புகைக்கறை அப்படியே இருக்கிறது. மாமா வந்து பார்த்து, இதுதான் நீங்கள் திருத்தின லட்சணமா என்றார். வெடிப்பை அடைக்கவில்லை. காலை எல்லோரும் தொட்டார்கள், நானும் தொட்டேன், மூப்பர்மகன் அண்ணா சந்தோசப்படலாம்.

நேற்றுச் செபமாலை முடிந்து பாண் பங்கிடும்போது பின்வளவு ஆச்சி கூட்டுக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்த வெறும் கையையும் பிளாஸ்டிக் பூவையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, என் சின்ன மகளை மேலும் கீழும் பார்த்து, "குழந்தையை எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கா?" என்று கேட்டார். ஆச்சிக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் இன்னும் என்னோடு கதைக்கிறாள் இல்லை.